ஹேவ்லாக்கில் நான் முங்காத கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தமான் போனேன், ஹேவ்லாக் தீவுக்குப் போனேன், ஸ்கூபா டைவிங்குக்குப் பணமும் கட்டினேன். ஆனால் டைவ் அடிக்கவில்லை. கடலுக்கு அடியில் என்னென்ன பார்த்தேன் என்று ஆசையாகப் படிக்க வந்தவர்கள் மன்னிக்கவும். நான் பார்த்ததெல்லாம் மேலே மிதந்துகொண்டு பார்த்ததுதான். கீழே போனவன் என் நண்பன்.

அவன் பெயரை எழுதக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. எங்கள் பி.காம். வகுப்பில் அவனுக்கு 'லெட்ஜர்' என்று பட்டப்பெயர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பான். டீக்கடையில் யார் காசு கொடுத்தது, யாருக்கு யார் எவ்வளவு பாக்கி, எல்லாம் அதில் தேதியோடு இருக்கும். முதல் வருஷம் நான் வாங்கிய ஒரு வடைக்கான பத்து ரூபாயை மூன்றாம் வருஷம் திருப்பிக் கேட்டவன் அவன். அவன் வீடு ஆவடி, எனக்கு அம்பத்தூர். காலை மின்சார ரயிலில் அவன் இடம் பிடித்துக்கொண்டு வருவான், நான் அம்பத்தூரில் தொற்றிக்கொள்வேன். மூன்று வருஷ நட்பின் பெரும்பகுதி அந்த ரயிலில் நின்றுகொண்டே வளர்ந்தது.

அந்தமான் யோசனையும் அந்த ரயிலில் வந்ததுதான். யாரோ ஒருவருடைய ஃபோனில் நீல நிறத் தண்ணீருக்குள் ஒருவர் மீன்களோடு போய்க்கொண்டிருந்த வீடியோவை எட்டிப் பார்த்தோம். கொரட்டூர் வருவதற்குள் முடிவு செய்துவிட்டோம். பணம் சேர்க்க ஒன்றரை வருஷம் ஆனது. நான் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்குச் சாயங்காலங்களில் டாலியில் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அவன் ஒரு கூரியர் குடோனில் பார்சல் பிரித்தான். 2024 டிசம்பர் செமஸ்டர் லீவில் கிளம்பினோம்.

இங்கே என் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. மார்கழி பனியில் வரும், வீட்டுக்கு வெள்ளையடித்தால் வரும், போகிக்கு டயர் கொளுத்தினால் நிச்சயம் வரும். ராத்திரி பத்து மணிக்கு அப்பாவின் டிவிஎஸ் ஃபிஃப்டியில் ஏறி நெபுலைசர் வைக்கப் போன நாட்கள் எத்தனையோ. பத்தாவதுக்குப் பிறகு குறைந்தது. பையில் ஒரு நீல இன்ஹேலர் கிடக்கும், அவ்வளவுதான். பட்டாபிராமில் மாமா வீட்டுக் கிணற்றில் நீச்சல் கற்றேன். லெட்ஜருக்கு நீச்சல் சுத்தமாகத் தெரியாது. ஆக, இரண்டு பேரில் கடலுக்குத் தகுதியானவன் நான்தான் என்று முழுமையாக நம்பிக்கொண்டு கிளம்பினேன்.

அம்மாவிடம் அந்தமான் என்று சொன்னோம், டைவிங் என்று சொல்லவில்லை. கிளம்பும்போது அம்மா லெட்ஜரைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு புது இன்ஹேலரை அவன் கையில் கொடுத்தார். "இவன் எங்கயாவது போட்டுடுவான். நீ வெச்சுக்கப்பா, பார்த்துக்கோ." அவன் அதை நோட்டில் எழுதிக்கொண்டான் என்று நினைக்கிறேன்.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் காகம் பறக்கிற கணக்கில் ஏறத்தாழ 1,360 கி.மீ. விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். கப்பலில் மூன்று நாள். (2024 செப்டம்பரில் ஊரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். கப்பலில் வந்தவர்கள் எல்லோரும் போர்ட் பிளேர் என்றே சொன்னார்கள். எனக்கும் கை அப்படித்தான் போகிறது.) எங்கள் பட்ஜெட்டுக்குக் கப்பல்தான், அதிலும் பங்க் வகுப்புதான். ஒரு பெரிய ஹால், அதில் மேலும் கீழுமாகப் படுக்கைகள். பக்கத்துப் படுக்கையில் கட்டட வேலைக்குப் போகும் ராமநாதபுரத்துக்காரர்கள். சில மணி நேரத்தில் ஃபோனில் சிக்னல் போனது. அப்புறம் நாலு பக்கமும் தண்ணீர், மூன்று வேளை சோறு, சீட்டுக்கட்டு. பறக்கும் மீன்களை முதல்முறை பார்த்தபோது வெட்டுக்கிளி என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் ராத்திரி எனக்கு வீசிங் வந்தது. டீசல் வாசனையா, குளிர்ந்த காற்றா, எதனால் என்று தெரியவில்லை. எழுந்து உட்கார்ந்துகொண்டு யாரும் விழிக்காதபடி மூச்சு விடப் பார்த்தேன். வீசிங் இருப்பவர்களுக்குத் தெரியும், அது முடியாத காரியம். விசில் சத்தம் கேட்டு லெட்ஜர் எழுந்துவிட்டான். மேல் தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். என் பையைத் தேடி என் இன்ஹேலர் கிடைக்காமல் (அம்மா சொன்னபடியே ஆயிற்று) அவன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். மணி இரண்டு. நாலு தடவை அடித்த பிறகு அடங்கியது. விடிகிற வரை ஒரு இரும்புப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தோம். காலையில் எல்லாம் சரியாகிவிட்டது. நான் அதை அன்றைக்கே மறந்துவிட்டேன்.

ஹாடோ துறையில் இறங்கி, ஒரு நாள் போர்ட் பிளேரில் சுற்றிவிட்டு, அரசாங்கப் படகில் ஹேவ்லாக் போனோம். இதன் இப்போதைய பெயர் சுவராஜ் தீவு, 2018 டிசம்பரில் மாற்றியது. 1857 கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயத் தளபதி ஒருவரின் பெயர்தான் ஹேவ்லாக். அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து குடியேற்றப்பட்ட குடும்பங்களின் வாரிசுகள். ஊர்ப் பெயர்கள் கோவிந்த நகர், விஜய நகர், ராதா நகர். கடற்கரைகளுக்கோ நம்பர்! இரண்டாம் நம்பர் பீச், மூன்றாம் நம்பர் பீச், ஐந்து, ஏழு என்று பஸ் ரூட் மாதிரி. ஏழாம் நம்பரான ராதா நகரில் ராஜன் என்ற யானை கடலில் நீந்திக்கொண்டிருந்ததாம். மரம் இழுக்கக் கொண்டுவரப்பட்ட யானை, வேலை நின்ற பிறகும் அங்கேயே இருந்து 2016இல் இறந்தது. அதைப் பார்க்காமல் போனோமே என்று லெட்ஜருக்குத்தான் வருத்தம் அதிகம்.

அந்தமானில் கடிகாரம் நம்முடையதுதான், சூரியன் வேறு. விடியற்காலை ஐந்து மணிக்கே வெளிச்சம் வந்துவிடுகிறது, மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டு. ஆறு மணிக்கு டைவிங் சென்டரில் இருந்தோம். இன்ஸ்ட்ரக்டர் போர்ட் பிளேரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். அவரைப் பார்த்ததும் எங்களுக்குப் பாதி பயம் போயிற்று. "அண்ணா, நீச்சல் தெரியலைன்னா?" என்று லெட்ஜர் கேட்டதற்கு, "பரவால்ல தம்பி, நீச்சல் தெரிஞ்சவங்கதான் எனக்குப் பேஜார். கையைக் காலை ஆட்டிக்கிட்டே இருப்பாங்க" என்றார்.

பிறகு ஃபாரம் கொடுத்தார். ஆங்கிலத்தில், வரிசையாகக் கேள்விகள். நெஞ்சுவலி உண்டா, வலிப்பு உண்டா, நுரையீரலிலோ மூச்சிலோ தொந்தரவு உண்டா. 'ஆம்' என்று ஒன்றுக்கு விழுந்தாலும் டாக்டர் கையெழுத்து வேண்டும். நான் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே இல்லை. ஹாஸ்டல் ஃபாரம், ஸ்காலர்ஷிப் ஃபாரம், பஸ் பாஸ் ஃபாரம் என்று எத்தனையோ பூர்த்தி செய்திருக்கிறோம், பிரச்சினை வராத பதில் எதுவோ அதுதான் சரியான பதில் என்று கைக்குப் பழகிவிட்டது. எல்லாவற்றிலும் 'இல்லை' என்று டிக் அடித்து நீட்டினேன்.

லெட்ஜர் என் ஃபாரத்தை எட்டிப் பார்த்தான். "மச்சான், வீசிங் போடலையா?" என்றான் மெதுவாக. "வாயை மூடுடா" என்றேன், அதைவிட மெதுவாக. அவன் மூடினான். ஒரு நிமிஷம் இருக்கும். இன்ஸ்ட்ரக்டர் ஃபாரங்களை வாங்கி மேஜை டிராயரில் வைக்கப் போனார்.

"அண்ணா, அவன் ஃபாரம்ல ஒண்ணு தப்பா இருக்கு."

எனக்குக் காது அடைத்துவிட்டது. அவனோ கணக்கு ஒப்பிக்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போனான். "நாலு நாள் முன்னாடி கப்பல்ல வீசிங் வந்துச்சுண்ணா. நைட்டு ரெண்டு மணி. நாலு தடவை இன்ஹேலர் அடிச்சோம். அதுக்கு முன்னாடி அக்டோபர்ல ஒரு தடவை காலேஜ்ல வந்துச்சு."

இன்ஸ்ட்ரக்டர் என்னைத் திட்டவில்லை. ஃபாரத்தை எடுத்து மறுபடி என் முன்னால் வைத்தார். "தம்பி, நீ இன்னைக்கு முங்க வேணாம்." அவ்வளவுதான். நான் கெஞ்சினேன். ஒன்றரை வருஷம் சேர்த்த காசு என்றேன். ஆழமாகக்கூட வேண்டாம், மூன்று மீட்டர் போதும் என்றேன். அதற்கு அவர் சிரித்துவிட்டு, "மூணு மீட்டர்தான் ஆபத்தே" என்றார். பேப்பர் எடுத்து ஒரு பலூன் வரைந்தார்.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். தண்ணீருக்குள் பத்து மீட்டர் போனால் அழுத்தம் இரட்டிப்பாகிறது. மேலே ஒரு பங்கு, பத்து மீட்டரில் இரண்டு, இருபதில் மூன்று. அழுத்தம் இரட்டித்தால் காற்று பாதியாகச் சுருங்கும். இது பாயில் விதி, பத்தாவது புத்தகத்தில் உண்டு. ஆனால் நாங்கள் 2020இல் பத்தாவது படித்த செட். கொரோனாவால் பரீட்சையே இல்லாமல் அரசு உத்தரவில் ஆல் பாஸ். ஆகவே பாயில் விதி எனக்கு அரியராகவே இருந்திருக்கிறது, ஹேவ்லாக்கில்தான் தெரிந்தது :-)

சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டர் வழியாக வரும் காற்று, அந்த ஆழத்தில் தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறதோ அதே அழுத்தத்தில்தான் வாய்க்கு வரும். அப்படி வந்தால்தான் நெஞ்சால் இழுக்க முடியும். அதாவது பத்து மீட்டரில் ஒரு முறை மூச்சை இழுத்தால் அது மேல்மட்டக் கணக்கில் இரண்டு மூச்சுக் காற்று. அதை அடக்கிக்கொண்டே மேலே வந்தால் நுரையீரலுக்குள் அது இரட்டிப்பாக விரியும். அதனால்தான் ஸ்கூபாவின் முதல் விதி, மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பது. சாதாரண ஆளுக்கு இது சிக்கல் இல்லை, விட்டுக்கொண்டே வந்தால் போதும். வீசிங் இருப்பவனுக்கு உள்ளே சின்னக் குழாய்கள் சுருங்கி, நுரையீரலின் ஏதோ ஒரு மூலையில் காற்று மாட்டிக்கொள்ளலாம். அவன் மூச்சு விடுகிறான், அந்த மூலை விடுவதில்லை. மேலே வர வர அது விரிந்து திசுவைக் கிழித்தால் காற்றுக் குமிழி ரத்தத்தில் கலந்து மூளைக்கே போகலாம். இந்த விரிவு அதிகமாக நடப்பது கடைசிப் பத்து மீட்டரில். ஒன்றரை மீட்டர் ஆழத்திலிருந்துகூட நடக்கலாம் என்றார். நடந்தால் அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது போர்ட் பிளேரில், கடற்படையிடம் இருக்கிறது. "படகுல ரெண்டரை மணி நேரம். பார்த்துக்க."

வீசிங் உள்ள எல்லோருக்கும் டைவிங் கூடாது என்றில்லையாம். நெஞ்சு டாக்டரிடம் ஊதிப் பார்த்து, ஓடவிட்டுப் பார்த்து, நன்றாகக் கட்டுப்பாட்டில் இருந்தால் சான்றிதழ் வாங்கிப் போகிறவர்கள் உண்டு. நாலு நாள் முன்னால் விசிலடித்தவனுக்கு அது இல்லை.

அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், மேலே மிதந்து பார்க்கும் ஸ்நார்க்கலிங்குக்கு மட்டும் கொஞ்சம் பிடித்துக்கொண்டு. மேலே இழுப்பது சாதாரணக் காற்று, அதில் இந்த ஆபத்து இல்லை, கூட ஒரு பையன் வருவான், இன்ஹேலர் அவன் பையில் இருக்கட்டும் என்றார். நியாயமான மனிதர். என் கோபமெல்லாம் லெட்ஜர் மேல். "நானும் போகலடா" என்றான் அவன். "நீ போடா. போய்ச் சாவு" என்றேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் அதைத்தான் சொன்னேன். அவன் பதில் சொல்லாமல் ரப்பர் உடுப்பை மாட்டிக்கொள்ளப் போனான்.

அலை ஏறுவதற்காகக் காத்திருந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. தூத்துக்குடி முத்துக்குளிப்பு பற்றிச் சொல்லும்போது, கல்லைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்குகிறவன் தன் உயிர்க்கயிறை மச்சான் கையில்தான் கொடுப்பான் என்று சொல்வார்கள். மனைவியின் உடன்பிறந்தவன், தங்கை தாலி அறுக்க விடமாட்டான் என்ற நம்பிக்கை. 1961இல் நடந்ததுதான் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு. அந்தக் குளியாளிகளுக்குச் சிலிண்டர் கிடையாது, மேலே இழுத்த ஒரே மூச்சு. அது கீழே போனால் சுருங்கும், மேலே வந்தால் பழைய அளவுக்குத் திரும்பும், அதற்கு மேல் விரியாது. அவர்களுக்கு மூச்சு முட்டலாம், சுறா வரலாம், காது கிழியலாம், ஆனால் நுரையீரல் இப்படி வெடிக்காது. காற்றைக் கீழே கொண்டுபோகக் கண்டுபிடித்த பிறகுதான் இந்தப் புது ஆபத்து வந்திருக்கிறது. இன்றைக்குச் சங்கு குளிப்பவர்களில் பலர் படகில் கம்ப்ரசரை ஓடவிட்டு நீளக் குழாயில் காற்று இழுக்கிறார்கள். அவர்களுக்கு யார் ஃபாரம் கொடுப்பார்கள்?

அன்றைக்கு இதையெல்லாம் இவ்வளவு தெளிவாக நான் யோசிக்கவில்லை. கயிறு என் கையில் வரவேண்டிய நேரத்தில் அவன் கயிறை இழுத்துவிட்டான் என்றுதான் பொருமிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நம்பர் பீச்சுக்கு எதிரே இருக்கும் திட்டுக்கு 'நீமோ ரீஃப்' என்று பெயர். கரையிலிருந்தே நடந்து இறங்கிவிடலாம். இடுப்பளவுத் தண்ணீரில் லெட்ஜருக்குப் பாடம் நடந்தது. வாயால் மட்டும் மூச்சு, மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் மூக்கால் ஊது, காது அடைத்தால் மூக்கைப் பிடித்து ஊது. சைகைகள் மூன்று நாலு. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்தால் 'நலம்'. கையை விரித்து ஆட்டினால் 'ஏதோ சரியில்லை'. கட்டைவிரலை மேலே தூக்கினால் 'மேலே போவோம்'. நான் பக்கத்தில் நின்றாலும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு நின்றதால் இதைச் சரியாகக் கேட்கவில்லை. இது பின்னால் வேலை வைத்தது.

நீச்சல் தெரியாத ஆள் முதல் முறை தலையை உள்ளே விட்டதும் பதறி எழுந்துவிட்டான். இரண்டாம் முறையும். தூரத்திலிருந்து பார்த்தாலும் அவன் கால் நடுங்குவது தெரிந்தது. 'வேண்டாம்னு சொல்லிட்டு வந்துடுவான்' என்று எனக்குள் ஒரு அற்ப சந்தோஷம். மூன்றாம் முறை அவன் தலை உள்ளே போனது, வரவில்லை. இன்ஸ்ட்ரக்டர் அவன் முதுகுச் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ள, இரண்டு பேரும் சரிவில் இறங்கிப் போனார்கள்.

நான் மிதவை வளையத்தைப் பிடித்துக்கொண்டேன். கூட வந்த பையன் அதன் கயிறைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். முகத்தைத் தண்ணீரில் வைத்ததும் கோபத்துக்கு இடைவேளை விட வேண்டியதாயிற்று. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. முதலில் மணல், அதில் கடல் அட்டைகள், யாரோ வீசியெறிந்த பழைய சைக்கிள் டியூப் போல. அப்புறம் சாம்பல் நிறத்தில் உடைந்த குச்சிகள் குவியல் குவியலாக. அது என்ன குப்பை என்று நினைத்தேன். அத்தனையும் செத்த மான்கொம்புப் பவளம் என்று பிற்பாடு இன்ஸ்ட்ரக்டர் சொன்னார். கடல் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் தன் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். பாசிதான் அதற்குச் சோறு போடுவது. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பும், இல்லையென்றால் பட்டினிதான். அந்தமானில் 2010இலும் 2016இலும் பெரிய அளவில் இப்படி நடந்திருக்கிறது. 2024 ஏப்ரலில், உலகம் முழுக்க நான்காம் முறையாகப் பவளம் வெளுக்கிறது என்று அறிவித்தார்கள். வீடியோக்களில் இந்தச் சாம்பல் குவியல்கள் வருவதில்லை.

அதைத் தாண்டியதும் உயிருள்ள பாறைகள். ஆள் உயரத்துக்குப் பச்சையும் பழுப்புமாக உருண்டையான பவளம், அதன் மேல் கிறிஸ்துமஸ் மரம் போலச் சின்னச் சின்னப் புழுக்கள், நிழல் பட்டால் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்கின்றன. கிளிமீன்கள் பாறையைக் கொறிக்கும் சத்தம் நிஜமாகவே கேட்டது, முறுக்கு கடிப்பது போல. கடல் சாமந்திக்குள் ஆரஞ்சு நிற நீமோக்கள். (ஒரு கொசுறு: அந்தக் குடும்பத்தில் பெண் மீன் செத்துப்போனால் ஆண் மீன் பெண்ணாக மாறிவிடும். 2003இல் வந்த படத்தில் இதைக் காட்டவில்லை.)

எனக்குக் கீழே ஆறு ஏழு மீட்டரில் லெட்ஜர் போய்க்கொண்டிருந்தான். பறந்துகொண்டிருந்தான் என்று சொன்னால்தான் சரி. ரயிலில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கத் தெரியாதவன், இரண்டு கையையும் நெஞ்சில் கட்டிக்கொண்டு, பள்ளத்தாக்கின் மேல் பருந்து போவது மாதிரி போனான். அவன் முதுகில் 11 லிட்டர் சிலிண்டர், அதில் 200 பார் அழுத்தம். பெருக்கினால் 2,200 லிட்டர் காற்று. இதுதான் ஓப்பனிங் பேலன்ஸ். ஆழத்துக்கு ஏற்பச் செலவு ஏறும். 50 பாரை மினிமம் பேலன்ஸாக விட்டுவிட்டு மேலே வந்துவிட வேண்டும். இந்தக் கணக்கைக் காலையில் இன்ஸ்ட்ரக்டர் சொன்னபோது லெட்ஜர் முகம் மலர்ந்ததை நினைத்து எனக்கு மாஸ்க்குக்குள் சிரிப்பு வந்தது.

அப்போதுதான் அவன் மூச்சுக்காற்று என்னிடம் வந்தது. அவன் மூச்சு விட விடக் குமிழிகள் கிளம்பின. அவன் வாயருகே கோலிக்குண்டு அளவில் இருந்தவை, மேலே ஏற ஏறக் காசு அளவாகி, குடை மாதிரி விரிந்து, நடுங்கி, சில உடைந்து இரண்டாகி, என் மாஸ்க்குக்குக் கீழே வரும்போது உள்ளங்கை அகலத்துக்கு இருந்தன. என் முகத்தில் பட்டு உடைந்தன. ஒன்றல்ல, இரண்டல்ல, ஒவ்வொரு மூச்சும் அப்படித்தான். கீழே சின்னது, மேலே பெரியது. காலையில் பேப்பரில் வரைந்த பலூன் எனக்குள் ஏறவே இல்லை. இது ஏறியது. இப்படி ஒன்று என் நெஞ்சின் மூலையில் மாட்டிக்கொண்டு இதே மாதிரி விரிய ஆரம்பித்தால் எங்கே போகும் என்று யோசித்தேன். வெயில் முதுகில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்க, எனக்குக் குளிர்ந்தது.

லெட்ஜர் புரண்டு மேலே பார்த்தான். என்னைக் கண்டுகொண்டு விரலை வட்டமாக்கிக் காட்டினான். காலையிலிருந்து நான் அவனோடு பேசவில்லை. என்ன செய்வது? சமாதானம் என்பதுபோல, சூப்பர்டா என்பதுபோல, நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். இரண்டு கையாலும் காட்டினேன்.

அவன் உறைந்துபோனான். இன்ஸ்ட்ரக்டரின் தோளைத் தட்டி, என்னைக் காட்டி, தானும் கட்டைவிரலை மேலே மேலே குத்தினான். இன்ஸ்ட்ரக்டர் என்னை அண்ணாந்து பார்த்தார், அவனைப் பொறுமையாக இருக்கச் சொன்னார். அவன் கேட்கவில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை, உற்சாகமாக இன்னும் இரண்டு தடவை கட்டைவிரலைக் காட்டினேன். இரண்டு பேரும் மெதுவாக, ரொம்ப மெதுவாக, குமிழி விட்டுக்கொண்டே மேலே வந்தார்கள்.

தலை வெளியே வந்ததும் வாயிலிருந்து ரெகுலேட்டரைத் துப்பிவிட்டு அவன் கேட்ட முதல் வார்த்தை: "வீசிங்காடா?"

"இல்லியே. சூப்பர்னு சொன்னேன்."

"டேய் லூசு! கட்டைவிரல்னா மேல வான்னு அர்த்தம்டா!"

பதினெட்டு நிமிஷம். அரை மணி நேரத்துக்கு மேல் போயிருக்க வேண்டிய டைவ். நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். மறுபடி கீழே இறங்கலாமா என்று கேட்டதற்கு, அவன் ஏற்கெனவே பதற்றத்தில் காற்றை வேகமாகச் செலவழித்துவிட்டான், இன்றைக்கு இது போதும் என்று இன்ஸ்ட்ரக்டர் சொல்லிவிட்டார். சொல்லும்போது அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. லெட்ஜர் வளையத்தின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டான். நீச்சல் தெரியாதவன் அல்லவா. அந்தப் பையன் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துக் கயிறில் இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தான். வரும் வழியெல்லாம் லெட்ஜர் கீழே கண்டதை விடாமல் சொன்னான். சிவப்பு நிறமே இல்லையாம். அவன் கையில் கட்டியிருந்த சாமிக் கயிறு கறுப்பாகத் தெரிந்ததாம். தன் மூச்சுச் சத்தம் தவிர வேறெதுவும் கேட்கவில்லையாம், அது கப்பலில் நான் மூச்சு விட்ட சத்தம் மாதிரியே இருந்ததாம்.

சாயங்காலம் பஜாரில் பூரி சாப்பிடும்போது "சாரிடா" என்றேன். "எதுக்கு? பதினெட்டு நிமிஷத்துக்கா, காலைல சொன்னதுக்கா?" என்றான். இரண்டுக்கும் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு நோட்டை எடுத்துப் பூரிக் கணக்கு எழுதினான்.

ஊருக்கு வந்து ஜனவரியில் நெஞ்சு டாக்டரிடம் போனேன். ஒரு குழாயை வாயில் வைத்து "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்" என்று கத்தினார்கள். கம்ப்யூட்டரில் என் மூச்சு ஒரு கோடாக வந்தது, வர வேண்டியதைவிடச் சப்பையாக. நீல இன்ஹேலர் வந்த பிறகு அடிப்பது, வராமல் இருக்கத் தினமும் இழுக்க வேண்டியது வேறு என்று சொல்லி இன்னொன்று எழுதிக் கொடுத்தார். வீசிங் இல்லாமல் ஆறு மாசம் ஓட்டு, அப்புறம் ஊதிப் பார்த்துவிட்டு டைவிங் பற்றிப் பேசலாம் என்றார். இத்தனை வருஷம் கழித்து எதற்கு இப்போது திடீரென்று டாக்டர் என்று அம்மா கேட்டார். செமஸ்டர் வருது இல்ல என்று ஏதோ உளறினேன்.

இப்போதெல்லாம் அம்பத்தூரில் ரயில் ஏறியதும் லெட்ஜர் கேட்கிற முதல் கேள்வி, "போட்டியா?" போட்டுட்டேன் என்றால் நோட்டில் ஒரு டிக். அதற்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கி 'கடல்' என்று தலைப்பு போட்டிருக்கிறான். நேற்றோடு எழுபத்து மூன்று டிக். அதில் இரண்டு, போடாமலே போட்டேன் என்று சொன்னவை. எந்த இரண்டு தேதி என்று எனக்குத் தெரியும். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.